கொத்துரொட்டிக்கு முந்திய தேர்தல்

குட்மேய்ஸ் தமிழ் மக்கள் ஒன்றியத்துக்குச் சண்முகராசா பல வருடங்களாக ஏகமனதாகத் தலைவர். ஆண்டறிக்கையில் போட்டிருந்த அந்த ஏகமனது யாருடைய மனது என்று எவரும் விசாரித்ததில்லை.

தெரிவு நடக்கும் முறை எளிமையானது. ஆண்டு விழாவில் பிள்ளைகளின் நடனம், வயலின், நாடகம், அதற்குப் பிறகு பெரியவர்களின் பேச்சு, பேச்சுக்குப் பிறகு அந்தப் பேச்சைப் பற்றிய பேச்சு எல்லாம் முடியும். சனம் கதிரையில் நெளியத் தொடங்கும் நேரம் பார்த்துச் செயலாளர் நிர்மலன் எழும்பி, பழைய நிர்வாகமே தொடர வேண்டும் என்று முன்மொழிவார். அதே கணத்தில் குசினிக் கதவு அகலத் திறக்கும். ஆட்டிறைச்சிக் குழம்பும் வதங்கின வெங்காயமுமாகக் கொத்துரொட்டியின் வாசம் முன்வரிசை தொடங்கிப் பின்வரிசை வரை நடந்து போகும். மண்டபம் முழுவதும் கை தட்டும். அந்தக் கைதட்டல் தனக்கா கொத்துரொட்டிக்கா என்று சண்முகராசா தன்னையே கேட்டுக்கொண்டதில்லை. கதவு திறக்கும் நேரத்தை மட்டும் அவர் ஒருநாளும் வேறு யாருடைய பொறுப்பிலும் விட்டதில்லை.

இந்த வருடம் ஒரு வில்லங்கம் முளைத்தது. உப தலைவர் யோகராஜா, பார்க்கிங் என்ற ஊரில் மணவறை அலங்காரக் கடை வைத்திருப்பவர், கதவு திறந்தாலும் தான் தலைவர் பதவிக்கு எழும்பி நிற்கப்போவதாக ஒரு பிறந்தநாள் வீட்டில் நாலு பேருக்குச் சொல்லியிருந்தார். நாலு பேரும் தனித்தனியாகச் சண்முகராசாவுக்குப் போன் எடுத்து விஷயத்தைச் சொல்லி, தாங்கள் சொன்னதாகச் சொல்ல வேண்டாம் என்றும் கேட்டுக்கொண்டார்கள்.

அன்றைக்குச் சண்முகராசாவுக்குச் சோறு இறங்கவில்லை. பெற்றோல் நிலையங்களை விற்ற பிறகு அவரிடம் மிஞ்சியிருந்த ஒரே உத்தியோகம் இந்தத் தலைவர் பதவிதான். கோயிலில் ஐயர் விபூதித் தட்டை முதலில் அவரிடம் நீட்டுவது அதனால். கலியாண வீடுகளில் முன்வரிசையில் ஒரு கதிரை காலியாக இருப்பது அதனால். மரக்கறிக் கடையில் "தலைவர் வாறார்" என்று யாராவது முருங்கைக்காய்ப் பெட்டியைத் தள்ளி வழிவிடுவதும் அதனால்தான். அது போய்விட்டால், மனைவி வசந்தமலருக்குப் பின்னால் பை தூக்கிக்கொண்டு போகிற இன்னொரு பென்ஷன்காரர், அவ்வளவுதான்.

இந்த நேரத்தில்தான் ஃபாரஸ்ட் கேட் என்ற பக்கத்து ஊரில் இருக்கும் மெற்றில்டா என்பவரின் தம்பி றொனால்ட், உறவுக்காரப் பெண் ஒருத்தியின் கலியாணத்துக்காக அமெரிக்காவில் இருந்து வருகிறார் என்ற செய்தி கிடைத்தது. றொனால்ட் மன்னார்க்காரர். அகதிகளாக வந்த புதிதில் அவரும் சண்முகராசாவும் பார்க்கிங்கில் ஒரே அறையில், ஒரே கட்டிலில் இருந்தவர்கள். ஒருவர் வேலைக்குப் போக மற்றவர் வந்து படுப்பார். பிறகு றொனால்ட் அமெரிக்காவில் கலியாணம் முடித்து, அங்கே ஒரு சின்ன மாநிலத்தின் சட்டசபைக்கு நின்று, முதல் முறை தோற்று, அதற்குப் பிறகு விடாமல் வென்றுகொண்டிருந்தார்.

பிரதம விருந்தினராக வரவேண்டும் என்று சண்முகராசா போனில் கேட்டபோது றொனால்ட் தயங்கினார். "அண்ணை, நான் பெரிய ஆள் இல்லை. எங்கடை சபையிலை நூற்றுக்கணக்கான பேர். பல்லுப் புடுங்கிறவர் இருக்கிறார், மாடு வளக்கிறவர் இருக்கிறார். நானும் மருந்துக்கடையிலை வேலை செய்துகொண்டுதான் இருக்கிறன்" என்றார்.

சண்முகராசா இதை அடக்கம் என்று எடுத்துக்கொண்டார். அவர் இதுவரை கூட்டிவந்த பிரதம விருந்தினர் எல்லாரும் தங்கள் பெருமையைத் தாங்களே எழுதித் தந்தவர்கள். அப்படி எழுதித் தராத ஒருவர் அவர்களை எல்லாம் விடப் பெரியவராகத்தான் இருக்க வேண்டும்.

அழைப்பிதழில் முதலில் 'அமெரிக்க மாநிலச் சட்டசபை உறுப்பினர்' என்றுதான் இருந்தது. 'மாநில' என்ற சொல் ஆளைக் குள்ளமாகக் காட்டியதால் எடுக்கப்பட்டது. 'சட்டசபை' என்றால் சென்னை என்று நினைப்பார்கள் என நிர்மலன் சொன்னதால் அதுவும் போனது. அச்சுக்குப் போகும்போது றொனால்ட், 'அமெரிக்காவின் சட்டங்களை இயற்றும் மாண்புமிகு சவிரிமுத்து றொனால்ட்' ஆகியிருந்தார். அவர் ஒருநாளும் போய் உட்காராத வெள்ளைக் குவிமாடக் கட்டடம் ஒன்று படத்தில் அவருடைய தலைக்குப் பின்னால் நின்றது.

வசந்தமலர் அழைப்பிதழை மூக்குக்கண்ணாடிக்குக் கிட்டப் பிடித்துப் பார்த்தார். "இவ்வளவு பெரிய ஆள் ஏன் மெற்றில்டாவின்ரை சோபாவிலை படுக்கிறார்?" என்று கேட்டார்.

சண்முகராசா அழைப்பிதழை வாங்கி மேசையில் கவிழ்த்து வைத்தார். அவருடைய திட்டம் வேறு. பிரதம விருந்தினரையே நிர்வாகத் தெரிவுக்கும் தலைமை தாங்க வைப்பது. யோகராஜா தனக்கு முன்னால் எழும்புவார். நிர்மலனுக்கு முன்னால் எழும்புவார். அமெரிக்காவுக்கு முன்னால் எழும்பி நிற்க அவருக்குக் கால் வராது.

விழா நாளன்று ஃபாரஸ்ட் கேட்டுக்குக் கறுப்புக் கார் ஒன்று அனுப்பப்பட்டது. வீடு மாற்றும் லொறியில் வேலை செய்யும் இரண்டு தடித்த ஆட்கள் கறுப்புக் கோட்டும் கறுப்புக் கண்ணாடியும் போட்டு அதில் ஏறிப் போனார்கள். மண்டப வாசலில் நிறைகுடம், பன்னீர்ச் செம்பு, பூத்தட்டோடு பெண்கள், நாதஸ்வரக்காரர் எல்லாரும் குளிரில் நின்றார்கள். கார் ஃபாரஸ்ட் கேட் வீதியொன்றில் குப்பை லொறிக்குப் பின்னால் மாட்டிக்கொண்டதாகச் செய்தி வந்தது. மாண்புமிகுவைக் காணவில்லை என்ற செய்தி அதற்குப் பிறகு வந்தது.

றொனால்ட் றெயினில் வந்து இறங்கி, பழைய கம்பளிச் சட்டையோடு, மெற்றில்டா தந்துவிட்ட தகரக் கேக் பெட்டியைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு நடந்து வந்திருந்தார். வாசலில் யாருக்கோ பெரிய வரவேற்பு நடக்கப்போகிறது என்று கண்டு, இடைஞ்சல் கொடுக்காமல் பின்பக்கத்தால் குசினிக்குள் புகுந்துவிட்டார். அழைப்பிதழில் கோட்டோடு இருந்த ஆளை இந்தச் சட்டையில் அடையாளம் தெரியாத வசந்தமலர் அவரைச் சாப்பாட்டுக் கடைக்காரன் அனுப்பிய ஆள் என்று நினைத்து, கொத்துரொட்டித் தட்டங்களை வான் வண்டியில் இருந்து இறக்கச் சொன்னார். அவரும் இறக்கினார். சண்முகராசா தேடிப் பிடித்தபோது றொனால்ட் அங்கிருந்த எல்லாப் பெண்களின் பெயரையும், யாருக்கு முழங்கால் நோவு, யாருடைய மகனுக்கு வேலை கிடைக்கவில்லை என்பதையும் விசாரித்து முடித்திருந்தார்.

மேடையில் வழக்கப்படி விளக்கேற்றல் நடந்தது. ஏற்றத் தகுதியானவர்கள் திரிகளைவிட அதிகமாக இருந்ததால், எரிந்த திரியையே அணைத்து மறுபடி ஏற்றினார்கள். பிறகு பொன்னாடைகள். போர்த்தப் போர்த்த றொனால்டின் முகம் சால்வைகளுக்குள் தாழ்ந்துகொண்டே போனது. சண்முகராசா அறிமுக உரையில் வாஷிங்டனைப் பல தடவை தொட்டுப் பேசினார். வெள்ளை மாளிகையை ஒருமுறை, தெரிந்த வீடு மாதிரி.

றொனால்ட் மைக்கைப் பிடித்ததும் முதலில் சால்வைகளைக் கழற்றிக் கதிரையில் வைத்தார். "வாஷிங்டனுக்கு நான் ஒருக்காத்தான் போனனான். மகளின்ரை பள்ளிக்கூடச் சுற்றுலாவிலை. வெள்ளை மாளிகையை வெளியிலை நிண்டு பாத்தனாங்கள். மழை" என்றார்.

மண்டபம் சிரித்தது. சண்முகராசாவும், எல்லாரும் சிரிப்பதால், பல்லைக் காட்டிவைத்தார்.

பிறகு றொனால்ட் தன்னுடைய சாதனையைச் சொன்னார். அது கோழி. அவருடைய மாநிலத்தில் பல ஊர்களில் வீட்டுப் பின்வளவில் கோழி வளர்க்கத் தடை இருந்தது. சேவல் இல்லாமல், கூவாமல், அரை டசின் கோழிவரை வளர்க்கலாம் என்று அவர் ஒரு மசோதா கொண்டுவந்தார். முதல் தடவை ஒரு குழு அதைத் தேநீர் ஆறுவதற்குள் கொன்றுபோட்டது. இரண்டாம் தடவை கீழ்ச்சபை தாண்டியது, மேற்சபையில் படுத்துவிட்டது. மூன்றாம் தடவை, அதை மும்முரமாக எதிர்த்த மாட்டுப் பண்ணைக்காரரிடம் போய், மசோதாவில் உங்கள் பெயரை முதலில் போடுகிறேன் என்றார். நிறைவேறியது. இப்போது அந்தப் பண்ணைக்காரரைத்தான் எல்லாரும் கோழியின் காவலர் என்கிறார்கள்.

அமெரிக்க ஜனாதிபதியிடம் எங்கள் பிரச்சினையைச் சொல்ல ஏலுமோ என்று பின்வரிசையில் இருந்து ஒருவர் கேட்டார். ஏலாது என்றார் றொனால்ட். ஆனால் பக்கத்து வீட்டுக்காரனின் கோழி உங்கள் கீரைப் பாத்தியைக் கிளறினால் யாரிடம் போகவேண்டும் என்று தன்னால் சொல்ல ஏலும் என்றார். அடுத்த கேள்விகள் எல்லாம் கோழியைப் பற்றியே வந்தன. நரித் தொல்லைக்கு என்ன செய்வது என்று மூன்று பேர் கேட்டார்கள். அந்த மண்டபத்தில் இதுவரை எந்தப் பிரதம விருந்தினரிடமும் எவரும் விடை தெரியவேண்டிய கேள்வியைக் கேட்டதில்லை.

ஆனாலும் சண்முகராசா கலங்கவில்லை. கோழியோ குவிமாடமோ, ஆள் அமெரிக்காதானே. அவர் நிர்மலனுக்குக் கண் காட்டினார். நிர்மலன் எழும்பிப் பழைய நிர்வாகத்தை முன்மொழிந்தார். குசினிக் கதவு திறந்தது. வாசம் வந்தது. தட்டுவதற்குக் கைகள் உயர்ந்தன.

"பொறுங்கோ," என்றார் றொனால்ட். "வேறை ஆரும் பெயர் சொல்ல இருக்கினமோ?"

உயர்ந்த கைகள் அந்தரத்தில் நின்றன. யோகராஜா மெல்ல எழும்பினார். அவருக்குக் கால் வந்துவிட்டது. அவருடைய மைத்துனர் ஒருவர் முன்மொழிய, இன்னொரு மைத்துனர் வழிமொழிந்தார்.

இரண்டு பெயர் என்றால் வாக்கெடுப்புத்தான், அதுவும் ரகசிய வாக்கெடுப்பு என்று றொனால்ட் பழகின ஆளாகச் சொல்லிக்கொண்டே போனார். தமிழ் வகுப்பின் பழைய சோதனைத் தாள்களைக் கிழித்துத் துண்டாக்கச் சொன்னார். "எங்கடை சபையிலையும் மத்தியானச் சாப்பாட்டுக்குக் கொஞ்சம் முந்திக் கொண்டுவாற மசோதா தோக்கிறேல்லை," என்றார் சாதாரணமாக. "அதாலை முதலிலை சாப்பிடுவம். பிறகு வோட்டு."

சண்முகராசா அவரைக் குசினிக்குப் போகும் ஒடுங்கிய வழியில் மறித்தார். முகம் தக்காளி மாதிரி இருந்தது.

"என்னடாப்பா செய்துபோட்டாய்? உன்னை மரியாதைக்கெல்லோ கூப்பிட்டனான்."

"தலைமை தாங்கச் சொன்னியள் அண்ணை. எனக்கு அது ஒரு விதமாத்தான் செய்யத் தெரியும். சரி, உங்களுக்கு எத்தினை வோட்டு இருக்கு?"

"எல்லாம் என்ரை சனம்தான்."

"கேட்டனீங்களோ?"

"நான் போய்க் கேக்கிறதோ? தலைவர் எண்டு இருந்துகொண்டு ஆக்களிட்டைக் கையேந்திறதோ?"

றொனால்ட் சுவரில் சாய்ந்துகொண்டு, தான் முதல் தேர்தலில் தோற்ற கதையைச் சொன்னார். ஊர் முழுவதும் கதவு தட்டினாராம். சொந்த வீட்டுக் கதவை மட்டும் தட்டவில்லையாம். அவருடைய மனைவி அன்றைக்கு ஷிப்டை முடித்துவிட்டு வந்து நித்திரை கொண்டுவிட்டார். ஏன் போடவில்லை என்று கேட்டதற்கு, நீங்கள் என்னைக் கேட்கவில்லையே என்றாராம். தோற்றது விரலில் எண்ணக்கூடிய வாக்குகளால்.

"போய்க் கேளுங்கோ," என்றார். "ஒரு விஷயம். 'உங்களுக்கில்லாம வேறை ஆருக்கு அண்ணை' எண்டு சொல்லுறவையை எண்ணாதேங்கோ. திட்டுறவையை எண்ணுங்கோ. வோட்டுப் போடுற யோசினை இல்லாத ஆள் உங்களோடை சண்டை பிடிச்சு மினக்கெடாது."

சண்முகராசா கோட்டை இழுத்துவிட்டுக்கொண்டு சாப்பாட்டு மேசைகளுக்கு நடுவே இறங்கினார். முதல் மேசையில் வாய் வரவில்லை. குழம்பு எப்படி என்று கேட்டுவிட்டு நகர்ந்தார். இரண்டாவது மேசையில் வானிலையைப் பற்றிக் கதைத்தார். மூன்றாவதில்தான் அந்தச் சொல் வந்தது. "எனக்கு உங்கடை வோட்டு வேணும்." மேசையில் இருந்த ஐந்து பேரும் அவருக்கில்லாமல் வேறு யாருக்கு என்றார்கள். சண்முகராசா அந்த ஐந்தையும் மனக்கணக்கில் இருந்து கழித்தார்.

தமிழ் வகுப்பு ஆசிரியை மேரிசாந்தி கரண்டியைக் கீழே வைத்துவிட்டுப் பிடித்துக்கொண்டார். வகுப்பறை ஹீற்றர் செத்துக் கிடக்கிறது, பிள்ளைகள் கையுறை போட்டுக்கொண்டு எழுதுகிறார்கள், எத்தனை தரம் சொன்னேன், சொன்ன போதெல்லாம் குழுவில் போடுகிறேன் என்றீர்கள், குழுவில் போட்டால் சூடு வருமோ என்று கேட்டார். சண்முகராசா வாழ்க்கையில் முதல் தடவையாகத் திட்டு வாங்கிச் சந்தோஷப்பட்டார். இன்றைக்கே பார்க்கிறேன் என்றார். மேரிசாந்தி நம்பாத கண்ணோடு பார்த்துவிட்டு மறுபடி கரண்டியை எடுத்தார்.

அதற்குப் பிறகு அவர் திட்டுகளைத் தேடிப் போகத் தொடங்கினார். சுசிலா என்ற பஜனைக்கார அம்மா, மைக் கீச்சிடுவதால் கடவுளே காதைப் பொத்துகிறார் என்றார். ஒருவர் கழிவறைக் கதவுக்குக் கொண்டி இல்லை, உள்ளே இருந்துகொண்டு பாடவேண்டியிருக்கிறது என்றார். தலைவரின் பேச்சு நீளம் என்று ஒரு முழு மேசையும் சொன்னது. மற்ற வாக்குறுதிகள் சுலபமாக வந்தன. இதற்கு மட்டும் அவர் கொஞ்சம் பேரம் பேசிப் பார்த்தார்.

யோகராஜா மேடைக்குக் கிட்ட ஒரு மேசையில், தோளில் சால்வையோடு, ஆட்கள் வந்து தன்னைக் காணட்டும் என்று நிமிர்ந்து இருந்தார். ஒருவரும் வரவில்லை. ஓடிக்கொண்டிருந்த வேகத்தில் சண்முகராசா அவருக்கு முன்னாலும் போய் நின்றுவிட்டார். நின்ற பிறகு திரும்பிப் போக வெட்கமாக இருந்தது.

"யோகராஜா, உம்மடை வோட்டும் எனக்கு வேணும்."

யோகராஜாவின் வாயில் ரொட்டி நின்றது. அவர் அதை நிதானமாக மென்று விழுங்கினார். "இவ்வளவு வருஷம் உப தலைவரா இருந்தனான் அண்ணை. இண்டைக்குத்தான் என்னட்டை ஒண்டு கேட்டிருக்கிறியள்," என்றார், கண் கொஞ்சம் கலங்க. "ஆனா போடமாட்டன்."

கடைசியாக மிஞ்சியது பரிமாறும் மேசை. வசந்தமலர் ஏப்ரன் கட்டிக்கொண்டு, இரண்டாம் தரம் கேட்டு வந்த வரிசைக்கு அள்ளிப் போட்டுக்கொண்டிருந்தார். சண்முகராசா அந்த வரிசையில் தட்டில்லாமல் நின்றார். முறை வந்தது.

"வசந்தி, எனக்கு வோட்டுப் போடுவீரோ?"

"என்னத்துக்கு?"

"சேவை செய்ய."

வசந்தமலர் கரண்டியை அவர் பக்கம் நீட்டினார். "அப்ப இதைப் பிடியுங்கோ."

வரிசை முழுவதும் காது கொடுத்து நின்றது. சண்முகராசா கரண்டியைப் பார்த்தார். எத்தனையோ மேடைகளில் சேவை என்று சொல்லியிருக்கிறார், ஒருவரும் இப்படி எதையும் நீட்டியதில்லை. குரலைத் தணித்து, "இது இல்லாட்டி என்னை ஆரப்பா கணக்கெடுப்பினம்? காலமை எழும்பி என்ன செய்யிறது?" என்றார்.

"இது உண்மை," என்றார் வசந்தமலர். "யோசிக்கிறன். இப்ப குழம்பை ஊத்துங்கோ, சனம் பாத்துக்கொண்டு நிக்குது."

அவர் ஊற்றினார். கோட்டின் கைமடிப்பில் கொஞ்சம் தனக்கும் ஊற்றிக்கொண்டார்.

வாக்குகள் பூத்தட்டில் சேர்க்கப்பட்டன. றொனால்ட் ஒவ்வொரு துண்டாக உயர்த்திக் காட்டி வாசித்தார். சண்முகராசா, யோகராஜா, யோகராஜா, சண்முகராசா. ஒரு துண்டில் 'கோழி' என்று இருந்தது. அது செல்லாது என்று அறிவிக்கப்பட்டபோது சிலர் வருத்தப்பட்டார்கள். கடைசித் துண்டு வரை இரண்டு பேரும் சமமாக வந்தார்கள். கடைசித் துண்டில் சண்முகராசா என்று இருந்தது.

அவர் மனைவியைத் திரும்பிப் பார்த்தார். வசந்தமலர் தட்டங்களை அடுக்கிக்கொண்டிருந்தார். உம்மடைதானே அது என்று கிட்டப் போய்க் கேட்டதற்கு, ரகசியம் என்றால் ரகசியம்தான், அமெரிக்கா சொல்லியிருக்கிறது என்று சொல்லிவிட்டார்.

இந்தத் தடவை கைதட்டலுக்கு முன்னால் கொத்துரொட்டி இருக்கவில்லை. அது முடிந்துபோயிருந்தது. ஆகவே சத்தம் குறைவு, ஆனாலும் முழுவதும் தன்னுடையது என்று சண்முகராசாவுக்குப் பட்டது. ஏற்புரைக்காக மைக்கை நோக்கி நெஞ்சை நிமிர்த்தி இரண்டடி வைத்தார். மைக் கீச்சிட்டது. சுசிலா அம்மா முன்வரிசையில் காதைப் பொத்திக்கொண்டு அவரைப் பார்த்தார். பேச்சு நீளம் என்ற மேசையும் பார்த்தது. நன்றி என்று மட்டும் சொல்லிவிட்டு இறங்கினார்.

இறங்கின இடத்தில் மேரிசாந்தி நின்றார். கையில் ஆணி கழற்றும் திருப்புளி. பக்கத்தில் கழிவறைக் கொண்டிக்காரர், தன் முறைக்காக.

"இண்டைக்கே எண்டு சொன்னனீங்கள்," என்றார் மேரிசாந்தி.

வகுப்பறை மூலையில், மாண்புமிகு தலைவர் கோட்டைக் கழற்றிக் கதிரையில் போட்டுவிட்டு, ஹீற்றருக்கு முன்னால் முழந்தாளில் இருந்தார். மேரிசாந்தி கைத்தொலைபேசியின் வெளிச்சத்தைப் பிடித்துக்கொண்டார். மூடியைப் பாதி கழற்றியபோது மண்டபத்துக்குள் இருந்து படப்பிடிப்பாளரின் குரல் கேட்டது. பத்திரிகைக்குப் படம் எடுக்கவேண்டுமாம், பிரதம விருந்தினருக்கு விமானத்துக்கு நேரமாகிறதாம், எல்லாரும் வரட்டுமாம். தலைவர் எங்கே என்று யாரோ கேட்டார்கள். நடுவில் இடம் வெறுமையாக இருக்கிறது, யோகராஜா அண்ணை நீங்கள் நில்லுங்கோ என்று வேறு யாரோ சொன்னார்கள். சால்வையைச் சரியாகப் போடச் சொல்லி நிர்மலனின் குரல் கேட்டது. அட, நிர்மலனுமா.

"நில்லுங்கோ, நான் வாறன்," என்று சண்முகராசா சத்தம் போட்டார். சுவருக்கும் ஹீற்றருக்கும் நடுவே அகப்பட்ட குரல் வெளியே போகவில்லை. வெளிச்சம் ஒன்று கதவு இடுக்கால் மின்னி மறைந்தது. பிறகு இன்னொன்று.

"அண்ணை," என்றார் மேரிசாந்தி, "அந்தப் பக்கத்து ஆணியை இன்னும் கழட்டேல்லை."